பஞ்சுக்கோரை வெளிறிய இடம்

படகு கரையில் முட்டி நின்றது. மெர்னா உடனே இறங்கவில்லை. கால் எங்கே படப்போகிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. பிப்ரவரியிலிருந்தே அவளுக்கு இப்படித்தான். படியில், படகில், குளியலறையில், எங்கேயும் கண் முன்னால் போக வேண்டும், கால் அப்புறம். வீட்டில் இதை யாரும் கவனிக்கவில்லை. ஐம்பத்து நாலு வயதாகிறது, நிதானமாக நடக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

"என்ன மதினி, தூக்கிட்டுப் போக நாய் வண்டி வரணுமா?" என்றாள் யூனிஸ். மெர்னாவுடைய தம்பியின் மனைவி. தோளில் துப்பாக்கி, முதுகில் பை, வாயில் பிஸ்கட். அதற்குள் கரையேறியும் விட்டாள்.

"உன்ன மாதிரி தொப்புனு குதிச்சா படகு உடஞ்சிரும். பாவம், தம்பி இன்னும் ஓட்டணும்ல."

பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி ரோஸ்வெல் இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. "நாலு மணிக்கு வருவேன்," என்றான். "ரெண்டு பேரும் இதே எடத்துல நிக்கணும். தண்ணி வத்திட்டே இருக்கு. லேட்டானா படகு மணல்ல உக்காந்துரும்."

"கரடி வந்தா?" என்றாள் மெர்னா.

"அதான் இவ கையில துப்பாக்கி இருக்கே."

"அதனாலதான் கேக்குறேன். இவ சுட்டா கரடிக்கு ஒண்ணும் ஆகாது."

ரோஸ்வெல் சிரித்துக்கொண்டே படகைப் பின்னால் தள்ளினான். கரையோரச் சேற்றில் காலையில் பிடித்த பனிக்கட்டி, கண்ணாடி மாதிரி நொறுங்கி மிதந்தது. அதைத்தான் மெர்னா பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நாள் இருக்கும். அதற்குள் நிலம் மேலிருந்து கீழே இறுகிவிடும். பிறகு கோடாரியால் கொத்தினாலும் கிழங்கு வராது.

கிழங்கைச் சேர்ப்பது ஊர்க்காரர்கள் இல்லை, சுண்டெலிகள். கோடை முழுவதும் அவை பஞ்சுக்கோரையின் அடித்தண்டைக் கடித்து, தோலுரித்து, ஒரே அளவில் நறுக்கி, தரையை மெத்தைபோல் மூடியிருக்கும் பாசிக்குக் கீழே வளையில் அடுக்கிவைக்கும். செப்டம்பரில் ஊர்ப் பெண்கள் அந்த வளையைத் தேடிப் போவார்கள். பாதி எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் காய்ந்த மீன் வைத்துவிட்டு வருவார்கள். சீல் என்னும் கடல்நாயின் எண்ணெயில் ஊறிய எலிக்கிழங்குக்கு ஈடாக, வடதுருவத்தை ஒட்டிய அந்த ஆற்றோரத்தில் வேறு பண்டம் இல்லை. நவம்பர் விருந்தில் ஊர்க் கூடத்தின் நீள மேஜையில் முதலில் காலியாகும் கிண்ணம் அதுதான். அந்தக் கிண்ணத்தை இருபத்தெட்டு வருஷமாக மெர்னா வைத்துவந்தாள்.

வளையைக் கண்ணால் தேடுவது வழக்கம் இல்லை. காலால் தேடுவார்கள். நடந்துகொண்டே போகையில் ஓர் இடத்தில் நிலம் பாதத்துக்கு அடியில் ஒரு மூச்சு விடும். அதைப் பிடிக்கிற பாதம் எல்லோருக்கும் வாய்க்காது. ஊரில் மெர்னாவுக்குப் பெயரே 'கால் உள்ளவள்' என்பதுதான்.

ஆகஸ்டில் ஊர் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஜோலீன் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஓர் இழையை உள்ளங்காலில் பத்து இடத்தில் வைத்து அழுத்தினாள். மெர்னா நாலு தடவை 'ம்' என்றாள். அதில் இரண்டு குத்துமதிப்பு. சர்க்கரை கால் நரம்பை அரித்துவிட்டது என்று ஜோலீன் சொன்னாள். கெட்டியான ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வெளியே நடக்கக் கூடாது. தினம் இரண்டு வேளை பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஒரு புண் வந்தால் உடனே விமானம் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்றாள். அப்படிப் போனவர்களில் இரண்டு பேர் விரல் இல்லாமல் திரும்பியிருந்தார்கள். ஒருவர் முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல் திரும்பினார்.

மெர்னா யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்று ஒரு வளையாவது கண்டுபிடித்தாக வேண்டும், அதுவும் கால் செத்துப்போனது யூனிஸுக்குத் தெரியாமல். தெரிந்தால் அடுத்த வருஷம் படகில் இடம் கிடையாது. தம்பி நல்லவன். நல்லவர்கள்தான் முதலில் தடுப்பார்கள்.

கரை மேட்டில் ஏறி இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்த மேட்டில் நிற்காமல் போக முடிந்ததில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மரம் கிடையாது. ஆனால் அது காடுதான். ஒரு சாண் உயரத்துக் காடு. நாற்பது வயதான பிர்ச் என்னும் குள்ளமரம் அங்கே விரல் தடிமனில் தரையோடு படுத்துக்கொண்டு, இலை ஒவ்வொன்றையும் செம்புக்காசாக்கி வைத்திருந்தது. அதன் இடுக்கில் கரடிப்பழச் செடி. அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் வைக்க வேறு சிவப்பு இல்லை. ரத்தம்கூட அதற்குக் கொஞ்சம் மங்கல்தான். நீலப்பழச் செடிகளின் இலை கருஞ்சிவப்பாக மாறி, உறைபனி பட்ட பழங்கள் தொட்டால் உடைகிற பதத்தில் தொங்கின. சரிவில் வில்லோப் புதர்களின் மஞ்சள். மேட்டின் முதுகில் ரெயின்டீர் மான்கள் மேயும் பாசி, வெள்ளை வெளேரென்று. இத்தனைக்கும் நடுவே சதுப்புத் தேயிலை மட்டும் எனக்கென்ன என்று பச்சையாகவே நின்றது. அதை மிதிக்க மிதிக்க மருந்து வாசனை கிளம்பியது.

இதில் சோகம் என்று ஒன்றும் இல்லை. ஒரு செடியும் சாகவில்லை. பத்து வாரம் சூரியன் இருந்தது, அந்தப் பத்து வாரத்தில் தளிர் விட்டு, பூத்து, காய்த்து முடித்துவிட்டு, இனிமேல் தேவையில்லாத இலையை இப்போது கைவிடுகின்றன. கைவிடும்போது இப்படிச் செய்கின்றன, அவ்வளவுதான். மனிதர்களில் அப்படி எதையும் கைவிட்டவர் யாரையும் மெர்னா பார்த்ததில்லை.

"முன்னாடி போங்க," என்றாள் யூனிஸ். "துப்பாக்கி பின்னாடி வரட்டும்."

"ஒரு நிமிஷம். ஒதுங்கிட்டு வரேன்."

வில்லோ புதருக்குப் பின்னால் போய் மெர்னா தரையில் உட்கார்ந்தாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். பையின் அடியிலிருந்து, அடிப்பாகம் மெலிதாகத் தேய்ந்துபோன சீல் தோல் பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த ஊரில் கிழங்கு தேடுகிற எவளும் செய்யும் காரியம்தான் இது. நிலம் பேசவில்லை என்றால் காலுக்கும் நிலத்துக்கும் நடுவே இருப்பதை மெலிதாக்கு. குற்றம் ரப்பரில்தான், காலில் இல்லை என்று தன்னையே நம்பவைக்க அவளுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. எழுந்து, புதரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மீன் புகை போடுவதற்காக யாரோ போன வாரம் அங்கே வில்லோக் கழிகளைச் சாய்வாக வெட்டிப்போயிருந்தார்கள். தரையில் நின்ற கூர்முனைகளை அவள் பார்க்கவில்லை.

முதல் பள்ளம், போன வருஷம் இரண்டு வளை கொடுத்த இடம். ஒரு காலத்தில் ஏரியாக இருந்து, வற்றி, பஞ்சுக்கோரை மண்டிய ஈரநிலம். மெர்னா கையை அகட்டிக்கொண்டு மெதுவாக நடந்தாள். முன்பெல்லாம் இந்த நடையில் பேச்சு நின்றுவிடும், எண்ணம் நின்றுவிடும், உடம்பு முழுவதும் இரண்டு உள்ளங்காலுக்குள் இறங்கிவிடும். இப்போது யாரோ ஒருத்தியின் காலைக் கடன் வாங்கி நடக்கிற மாதிரி இருந்தது. முட்டிக்குக் கீழே செய்தி எதுவும் மேலே வரவில்லை.

"இங்க இல்ல," என்றாள். "இந்த வருஷம் எடம் மாத்திருச்சுங்க."

யூனிஸ் நம்பினாள். இரண்டாவது பள்ளத்திலும் வெறுமனே போனால் சந்தேகம் வரும் என்று மெர்னா ஓர் இடத்தில் நின்று, "இதுல வெட்டு," என்றாள். யூனிஸ் மண்டியிட்டுக் கத்தியால் மூன்று பக்கமும் பாசியை அறுத்து, கதவு மாதிரி மடித்துத் திறந்தாள். கறுத்த ஈரமண். அதற்கும் கீழே, எந்தக் கோடையிலும் உருகாத பனி. வேறொன்றும் இல்லை. மூடி மிதித்துவிட்டு நடந்தார்கள். அடுத்த முறையும் அதே. அதற்கடுத்த முறை ஒரு தவளைகூட இல்லை என்றாள் யூனிஸ்.

"இந்த ஊர்ல எங்கடீ தவள இருக்கு?"

"அதான் சொல்றேன். இல்லாதது எல்லாம் கரெக்டா இல்லாம இருக்கு. கிழங்கும் அப்படித்தான்." கத்தியைத் துடைத்துக்கொண்டே அவள் மெர்னாவை ஏறிட்டாள். "மூணு குழி மதினி. உங்களுக்கு மூணு வெறுங்குழி நான் பாத்ததே இல்ல."

"எலிக்குத் தெரியுமா நீ எண்ணிட்டு வரேன்னு?"

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வாய மூடிட்டு வா. நீ பேசுற சத்தத்துலயே எல்லாம் ஓடிருக்கும்."

மேட்டு முதுகில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காய்ந்த சால்மன் மீன், சீல் எண்ணெய், கெட்டி பிஸ்கட், பிளாஸ்க்கில் தேநீர். தெற்கே கொக்குக் கூட்டம் ஒன்று மிக உயரத்தில் சுற்றிச் சுற்றி மேலேறிக்கொண்டிருந்தது. கையெட்டும் தூரத்தில் செம்பழம். மெர்னா ஒரு பிடி உருவி வாயில் போட்டாள். உறைபனிக்குப் பிறகு அதில் புளிப்பு பாதி போய்விடும். நாக்கு வேலை செய்தது. விரல் வேலை செய்தது. உறைந்த பழத்தின் குளிர், இலையின் மெழுகு எல்லாம் விரலுக்குத் தெரிந்தது. உள்ளங்காலுக்கு மட்டும் ஏன் அப்படி என்று அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருஷம் சோறு போட்ட கால்.

"மதினி, பாசிமேல பாருங்க," என்றாள் யூனிஸ், எழுந்து பையை மாட்டிக்கொண்டே. வெள்ளைப் பாசியில் அங்கங்கே சிவப்புக் கறை இருந்தது. "பழத்தையெல்லாம் மிதிச்சு நாசம் பண்ணிட்டு வரீங்க. கரடி கேஸ் போடும்."

"போடட்டும். சாட்சிக்கு நீ போ."

மூன்றாவது பள்ளம் பெரியது. நடுவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. சுற்றிலும் பஞ்சுக்கோரை, ஈரப்பாசி, வேறு எதுவும் இல்லை. மணி மூன்றை நெருங்கியது. இதுதான் கடைசி என்று இருவருக்கும் தெரியும். மெர்னா கையை அகட்டி, கண்ணை மூடிப் பார்த்தாள். மூடினால் தடுமாறியது. திறந்துகொண்டு நடந்தாள். பத்து அடி போயிருப்பாள்.

"நில்லுங்க," என்றாள் யூனிஸ்.

குரல் வேறு மாதிரி இருந்தது. கரடியோ என்று மெர்னா திரும்பினாள். யூனிஸ் துப்பாக்கியைத் தொடவில்லை. குனிந்து, மஞ்சள் பாசியில் மெர்னாவின் காலடி பதிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிவப்பு. அதற்கு முந்தைய அடியிலும் சிவப்பு. வலது கால் பட்ட இடத்தில் மட்டும்.

"பழந்தான்," என்றாள் மெர்னா.

"இங்க ஏது பழம்?" என்றாள் யூனிஸ். "தண்ணிக்குள்ள செம்பழம் மொளைக்குமா? கரடிப்பழம் மொளைக்குமா? மேட்டுல சிவப்பு இருந்தா அது செடி. இங்க சிவப்பு இருந்தா அது நீங்க."

மெர்னா கீழே பார்த்தாள். தோல் பூட்ஸின் அடி ஓரம் கறுத்து நனைந்திருந்தது. தனக்கு நடந்தது என்று தோன்றவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் இருந்தது.

யூனிஸ் அவளைத் தோளைப் பிடித்து ஒரு கோரைத்திட்டின் மேல் உட்காரவைத்தாள். வாரை அவிழ்க்காமல் கத்தியால் அறுத்தாள். பூட்ஸைக் கழற்றியதும் உள்ளே தேங்கியிருந்த ரத்தம் பாசியில் கொட்டியது. பெருவிரலுக்குக் கீழே, சதைப்பிடிப்பான இடத்தில், சாய்வாக வெட்டிய வில்லோச் சிம்பு ஒன்று தோலோடு முறிந்து நின்றது. யூனிஸ் அதை இழுத்தாள். அரை விரல் நீளம் வந்தது. இழுக்கும்போது மெர்னாவின் முகத்தைத்தான் பார்த்தாள். முகத்தில் அசைவே இல்லை.

"வலிக்கலையா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"வலிச்சா சும்மா இருப்பேனா? ரோஸ்வெலுக்குப் பல்லு புடுங்கினப்ப ஊருக்கே கேட்டுச்சு. நாங்க அந்தக் குடும்பம்."

யூனிஸ் சிரிக்கவில்லை. பிளாஸ்க்கில் மீதியிருந்த தேநீரை ஊற்றிக் காயத்தைக் கழுவினாள். தன் கழுத்துத் துணியைக் கிழித்து, சுத்தமான பாசியை உள்ளே வைத்து இறுக்கிக் கட்டினாள். அதன் மேல் ரப்பர் பூட்ஸை மாட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாள்.

"எத்தன நாளா?"

"பிப்ரவரி. மார்ச்சுல அடுப்பு மேல காலு வச்சு சாக்ஸ் கருகுச்சு. வாசன வந்துதான் எனக்கே தெரிஞ்சுது."

"ஜோலீனுக்குத் தெரியுமா?"

"ம்."

"ரப்பர் பூட்ஸ் போடச் சொன்னாளா?"

"ம்."

"அத பைக்குள்ள வச்சுட்டு நீங்க இந்தக் காகிதத்தப் போட்டுட்டு நடந்தீங்க." யூனிஸ் புகையை ஒரு பக்கமாக விட்டாள். "புத்தி இருக்கா உங்களுக்கு? எங்க அண்ணனுக்கு இதே மாதிரிதான். ஆணி ஒண்ணு. மூணு நாள் ஆணியோட நடந்தான். நாலாவது நாள் கால எடுத்துட்டாங்க. இப்ப சன்னல் பக்கத்துல உக்காந்து யார் யார் படகு போகுதுன்னு சொல்லிட்டிருக்கான். அதுதான் அவனுக்கு வேல."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

"சொல்லாட்டி கால் மொளைக்குமா?"

"நீ கூட்டிட்டு வந்திருக்க மாட்ட."

"கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்தான்," என்றாள் யூனிஸ். கோரை நுனிகள் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து எழுந்தன.

"போன வருஷமே காலுல பாதி உணர்ச்சிதான் இருந்துச்சு," என்றாள் மெர்னா. சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. "மூணு வள எடுத்தோம்ல. அதுல ரெண்டு நீ கண்டுபிடிச்சது."

"நானா?"

"நீ முன்னாடி நடந்த. உன் காலு உள்ள போய் வந்த விதத்தப் பாத்தேன். நீ உன் மாமியாரப் பத்திப் பேசிட்டே தாண்டிப் போயிட்ட."

"என் மாமியார் உங்க அம்மா."

"அதனாலதான் நல்லா கேட்டுட்டிருந்தேன்."

இப்போது யூனிஸுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டாள். எழுந்தாள். "நான் கரைக்குப் போய் ரெண்டு வேட்டு போடறேன். சத்தம் கேட்டா ரோஸ்வெல் சீக்கிரம் வருவான். நீங்க அசையாம உக்காருங்க."

"பத்து நிமிஷம்."

"எதுக்கு?"

"பத்து நிமிஷம் யூனிஸ். அப்புறம் நீ சொல்ற எல்லாத்தையும் கேக்குறேன்."

யூனிஸ் போகவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு எதிர்த்திட்டில் உட்கார்ந்தாள்.

மெர்னாவால் நடக்க முடியாது. அதனால் திட்டிலிருந்து சரிந்து, முட்டி போட்டு, கைகளை ஊன்றினாள். பள்ளம் அவள் முகத்துக்கு நேரே வந்தது.

இருபத்தெட்டு வருஷமாக அவள் அதன் மேல் நடந்திருக்கிறாள். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. தலை நிமிர்ந்து, கண் எங்கோ இருக்க, கால் மட்டும் வேலை செய்த வருஷங்கள். இப்போது ஒரு கோரைத்தாள் கண்ணுக்கு அரையடியில் நின்றது. நுனி துருச்சிவப்பு. நடு மஞ்சள். அடியில் இன்னும் பச்சை. ஒரே தாளில் கோடை, இலையுதிர் காலம், குளிர் மூன்றும் வரிசையாக ஏறியிருந்தன. அதன் கீழே பாசி ஒரே நிறம் இல்லை. ஈரமான இடத்தில் பச்சை, மேடான இடத்தில் பழுப்பு, நடுவில் சதைச் சிவப்பு. பூச்சி தின்னும் சிறுசெடி ஒன்று கைகளை மடக்கி மொட்டாகச் சுருண்டிருந்தது. அதற்குத் தூக்கம். சோற்றுப் பருக்கையளவு காளான்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே சிலந்தி நூல். அதில் காலைப் பனி உருகிய நீர், கோத்து முடித்தும் யாரும் எடுத்துப் போகாத பாசிமணி போல. எவ்வளவு பெரிய ஊர் இது என்று நினைத்தாள். நாங்கள் இதன் கூரைமேல் நடந்துவிட்டு, நிலத்தைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கோரையின் காலடியில் ஒரு தெரு ஓடியது. இரண்டு விரல் அகலம். மிதிபட்டு வழுவழுப்பாக, ஓரத்தில் எலிப் புழுக்கையோடு. ஓரிடத்தில் நறுக்கின தண்டுகள் விறகு அடுக்கின மாதிரி ஒரே நீளத்தில் கிடந்தன. மெர்னா கைகளை ஊன்றி அந்தத் தெருவின் கூடவே போனாள். தண்ணீர் முழங்கையை நனைத்தது. தெரு பிரிந்தது, பிரிந்தது மறுபடி சேர்ந்தது.

அப்போதுதான் நிறம் தெரிந்தது. பள்ளம் முழுவதும் கோரை நுனி சிவப்பு. ஆனால் தெருவுக்கு இருபுறமும் நின்றவை சிவக்கவில்லை. வைக்கோல் மாதிரி வெளிறி, ஒருபக்கமாகத் தொங்கின. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. கீழே தண்டு கடிபட்டிருந்தது. சிவப்பதற்கு நேரம் கிடைக்காமல் போன தாள். இன்னொன்று. அதுவும் அப்படியே. தலையைத் தரையோடு வைத்துப் பார்த்தபோது அந்த வெளிறல், பள்ளத்தின் குறுக்கே மூன்று பக்கத்திலிருந்தும் ஓடிவந்து, வடக்கு ஓரத்தில் ஒரு சிறிய திட்டை நோக்கிக் குவிந்தது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. எல்லாம் ஒரே செம்மஞ்சளாகக் கலந்துவிடும்.

"யூனிஸ். எழுந்திரு. அந்தத் திட்டுக்குப் போ. அது இல்ல, அதுக்கு எடப்பக்கம்."

"மதினி, சேத்துல நாய் மாதிரி இருக்கீங்க."

"போடீ. கால வை. எப்படி இருக்கு?"

"ஈரமா இருக்கு."

"ஈரம்னு கரையில இருக்கிற ரோஸ்வெலுக்கும் தெரியும். கீழ எப்படி இருக்கு?"

யூனிஸ் உடம்பின் எடையை மாற்றினாள். "கல்லீரல மிதிச்ச மாதிரி."

"அது வெறும் பாசி. இன்னும் அரையடி. வெளிறிப்போன கோரை எங்க முடியுது பாரு, அங்க."

"இங்க எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு."

"நான் இங்கருந்து பாக்குறேன். உன் எடது கால் பக்கம். ம், அங்க. மெதுவா."

யூனிஸ் கால் வைத்தாள். எடுக்கவில்லை. வாயில் சிகரெட் அப்படியே நின்றது.

"மதினி, கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. ஆனா நான் விழல."

"அதேதான்," என்றாள் மெர்னா. "அத மறந்துராத. அந்தக் காலுக்குச் சொல்லி வை."

மெர்னா தவழ்ந்து வந்ததும் பாசியை அறுத்து மடித்தார்கள். உள்ளே உலர்ந்த புல் மெத்தை. அதை விலக்கியதும் கிழங்கு. தோல் உரித்து, கழுவினது போல, விரல் கணு நீளத்தில், ஒரு வாளி அளவுக்கு. இனிப்பு வாசனை மண்ணுக்கு மேலே வந்தது. ஒரு சிறு மிருகம் முன்பற்களால் நறுக்கி அடுக்கியது. ஊர்க் கடையின் அலமாரிகூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. மெர்னா முட்டியிட்டபடியே ஒவ்வொரு பிடியாக எடுத்து முகர்ந்தாள். கறுத்தது, மயிர் உள்ளது, கசப்பு வாசனை அடிப்பது எல்லாவற்றையும் உள்ளேயே விட்டாள். எலிக்கு ஆகிறது மனிதருக்கு ஆகாது. பாதியோடு நிறுத்தினாள். யூனிஸ் பையிலிருந்த காய்ந்த சால்மன் இரண்டு துண்டத்தை வைத்தாள். யோசித்து, பிஸ்கட்டையும் நொறுக்கிப் போட்டாள். பாசிக் கதவை மூடி, ஓரம் தெரியாமல் அழுத்தினாள்.

"ஜோலீன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நீயே சொல்லு. நான் சொன்னா கொறச்சுச் சொல்லுவேன்."

கரைக்கு வர நாலே கால் ஆகிவிட்டது. யூனிஸின் தோளில் தொங்கிக்கொண்டு ஒற்றைக்காலில் வந்த அக்காவைப் பார்த்து ரோஸ்வெல் படகிலிருந்து தண்ணீரில் குதித்தான். என்ன, எப்படி என்று கேட்டான். யூனிஸ் சொன்னாள், ஒன்றும் விடாமல், கருகின சாக்ஸ் உட்பட. அவன் அக்காவைத் தூக்கிப் படகில் வைத்தான். கோபத்தில் மோட்டார் கயிற்றை இரண்டு தடவை தப்பாக இழுத்தான்.

"இனிமே இந்தப் பக்கம் கால வச்சீன்னா பாரு," என்றான்.

"வைக்க மாட்டாங்க," என்றாள் யூனிஸ். "இனிமே நடக்கற கால் என்னுது. மதினிய சும்மா தரையில போட்டு வச்சா போதும், அதுவே தேடிக்கும்."

ரோஸ்வெலுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை ஜோலீன் திட்டவில்லை. காயத்தைப் பார்த்தாள், ஊசி போட்டாள், ரேடியோவில் பேசினாள், ஒரு நீளக் கவரில் காகிதங்களைப் போட்டுக் கொடுத்தாள். ஒன்பது இருக்கை விமானம் தபால் மூட்டைகளோடு பதினொரு மணிக்குக் கிளம்பியது. பயணி அவள் ஒருத்திதான். காலை எடுப்பார்களா, விரலை எடுப்பார்களா, ஊசியோடு விடுவார்களா என்பது நகரத்தில்தான் தெரியும். ஜோலீனுக்கே தெரியவில்லை. தெரியாது என்று அவள் நேராகச் சொன்னது மெர்னாவுக்குப் பிடித்திருந்தது.

விமானம் ஆற்றைத் தாண்டித் தாழ்வாகவே பறந்தது. மேகம் தாழக் கவிந்திருந்ததால் விமானி உயரம் ஏறவில்லை. மெர்னா ஜன்னலில் நெற்றியை வைத்தாள். மேடுகள் எல்லாம் கரடிப்பழச் சிவப்பு. மேடுகளுக்கு இடையே வில்லோ மஞ்சளாக ஓடி, ஓடிய இடமெல்லாம் ஓர் ஓடை இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. வெள்ளைப் பாசி, எலும்பு தெரிகிற முதுகு மாதிரி. ஏரிகள், வற்றிய ஏரிகள். வற்றிய ஒவ்வொன்றிலும் பஞ்சுக்கோரையின் செம்மஞ்சள் வட்டம். சில வட்டம் ஒரே நிறம். நேர் மேலிருந்து பார்க்கையில் சிலதில் நிறம் கலைந்து தெரிந்தது, யாரோ விரலால் தேய்த்தது போல, வைக்கோல் வெளிறலாக. ஆற்றிலிருந்து நடக்கிற தூரத்தில் இப்படி எத்தனை பள்ளம் இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. யாரும் போகாத பள்ளங்கள்.

அவள் ஜோலீனின் கவரைத் திருப்பினாள். பேனாவைத் தேடி எடுத்தாள். ஆற்றை ஒரு கோடாகப் போட்டாள். வளைவுகளை எண்ணி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வட்டம் போட்டாள். வெளிறியிருந்தால் உள்ளே ஒரு புள்ளி.

"என்னம்மா எழுதறீங்க?" என்றான் விமானி, திரும்பாமலே. தெற்கிலிருந்து இந்தக் கோடையில் வந்தவன்.

"நீ இன்னிக்கே திரும்பிப் போவியா?"

"மூணு மணிக்கு."

"உள்ள இருக்கிற காகிதத்த டாக்டர்கிட்ட குடுத்துருவேன். கவர யூனிஸ்கிட்ட குடுத்துரு. விமானம் எறங்கினதும் சிகரெட்டோட ஒருத்தி வந்து திட்டுவா, அவதான். ஒரு வாரந்தான் இருக்கு, நெலம் உறையறதுக்கு."

"என்ன இருக்கு அங்க?"

"எலி."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. "கொஞ்சம் எடப்பக்கம் சாச்சு ஓட்டுவியா?" என்று அவள் கேட்டாள். "இது படகு இல்லம்மா," என்றான்.

இந்த ஜன்னலில் ஏழு வட்டம் ஆகியிருந்தது. ஆற்றின் போக்கு இப்போது விமானத்தின் மறுபக்கம் போய்விட்டது. மெர்னா பெல்ட்டைக் கழற்றினாள். கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நடைவழியில் வைத்து, எது எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டு, எதிர் ஜன்னலுக்கு நகர்ந்தாள்.